தையல் கசிந்தால் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி நிறைய எழுதுகிறீர்கள், நல்லது. ஆனால் வைத்த மூட்டில் கிருமி பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. எலும்பு வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், அதனால்தான் இந்தக் கடிதம்.

நூறு பேருக்கு மூட்டு மாற்றினால் ஒருவர் இருவருக்கு இது வருகிறது. எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வரும் விபத்துக் கேஸ்களில் உள்ளே உலோகத் தகடு (பிளேட்), கம்பி (ராடு) வைத்தால் இன்னும் அதிகம். கிருமி எங்கிருந்தோ வருவதில்லை, பெரும்பாலும் நம் தோலிலும் மூக்கிலும் இருக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைதான். அது உலோகத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் கை வைத்தால் வழுக்குமே, அது மாதிரி ஒரு படலத்தைச் சுரந்து உள்ளே குடியேறிவிடுகிறது. இதைத்தான் டாக்டர்கள் பயோஃபிலிம் என்கிறார்கள். அதற்குள் பல கிருமிகள் பெருகாமல் சும்மா கிடக்கும், பல ஆன்டிபயாட்டிக்குகளோ பெருகுகிற கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். வெளியே திரியும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல ஆயிரம் மடங்கு மருந்துகூடப் படலத்துக்குள் பலிக்காமல் போகலாம்.

வார்டில் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான்: வீட்டுக்குப் போன பிறகு தையலில் லேசாக ஈரம், புடவையில் மஞ்சளாக ஒரு கறை. பக்கத்து மருந்துக்கடையில் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிப் போடுவார்கள், கசிவு நின்றுவிடும். மாத்திரை முடிந்ததும் மறுபடி கசியும், மறுபடி மாத்திரை. இப்படியே மாதங்களைக் கடத்திவிட்டு வரும்போது படலம் முற்றியிருக்கும், சாப்பிட்ட மாத்திரையால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் பல சமயம் எதுவும் வளராது, எந்தக் கிருமி என்றே தெரியாமல் டாக்டர் தவிப்பார்.

முதல் சில வாரங்களுக்குள் வந்தால் திறந்து கழுவி, கெட்ட சதையைச் சுரண்டி, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றி உலோக மூட்டைப் பல சமயம் காப்பாற்றிவிடலாம். அப்புறம் வாரக்கணக்கில் மருந்து. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்றால் காசநோய்க்குக் கொடுக்கிற அதே ரிஃபாம்பிசினை இன்னொரு மருந்தோடு சேர்த்துத் தருவார்கள், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. தாமதித்தால் மூட்டையே கழற்றி, ஆன்டிபயாட்டிக் கலந்த எலும்பு சிமென்ட்டை அந்த இடத்தில் வைத்து, மாதங்கள் கழித்துப் புது மூட்டு. இரண்டு பெரிய ஆபரேஷன், அந்த வயதில்!

ஆபரேஷனுக்கு முன்பே செய்ய வேண்டியதும் இருக்கிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், பீடி சிகரெட்டை விடுங்கள், சொத்தைப் பல்லையும் காலில் உள்ள புண்ணையும் முதலில் பாருங்கள். சுத்தமாகப் போக வேண்டும் என்று நினைத்து முதல் நாள் வீட்டில் பிளேடால் முடி மழிக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே மழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, அவசியமென்றால் மருத்துவமனையில் கிளிப்பரால் வெட்டிவிடுவார்கள்.

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சம்மரியை ஆங்கிலத்தில் தருகிறீர்கள், சரி. கூடவே தமிழில் ஒரே ஒரு தாள் கொடுங்கள்: கசிவு, சிவப்பு, வீக்கம், காய்ச்சல், குறையாத வலி, இதில் எது வந்தாலும் மாத்திரை போடாமல் அன்றே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் வாருங்கள் என்று. வருடங்கள் கழித்துத் திடீரென்று மூட்டு வீங்கினாலும் இதே விதிதான் என்பதையும் எழுதுங்கள். கீழே, ராத்திரியிலும் எடுக்கிற ஒரு போன் நம்பர்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
திருநெல்வேலி