பாஞ்சாலிப் பாட்டிகளின் பெயர்களையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். மனிதர்களின் பெயர்களை ஆராயும் பெயராய்வு என்றாலே சங்கப் புலவர்களிடம் போய் நின்றுவிடுகிறார்கள். குறுந்தொகையில் 'செம்புலப் பெயல்நீர்' என்று பாடியவருக்கு அந்தத் தொடரே பெயரானது அழகுதான், சரி, ஆனால் நம்ம வட ஆர்க்காட்டுப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். திரௌபதி அம்மன் கோயிலும் பாரதக் கூத்தும் இருக்கிற ஊர்களில் தர்மன், அர்ஜுனன், பாஞ்சாலி என்று தாத்தா பாட்டிகள் இருப்பார்கள். பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தில் மண்ணுருவமாகக் கிடக்கும் துரியோதனன் பெயரை வைத்தவரை மட்டும் நான் பார்த்ததில்லை! அந்தந்த ஊர் அம்மன் பெயரால் குடியாத்தம் பக்கம் கெங்கம்மா, படவேட்டுப் பக்கம் ரேணுகா. செங்கம் நடுகற்களில் மாடு மீட்டுச் செத்த வீரனின் பெயர்கூட வட்டெழுத்தில் நிற்கிறது. நம் பாட்டி பெயரோ ரேஷன் கார்டோடு போய்விடும், அதிலும் பாதி தப்பாக. வேலூர்க் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் மாணவர்களை அனுப்பி, யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்பதோடு இவற்றை எழுதி வாங்கலாமே.

ஒரு வாசகர், காட்பாடி