ராத்திரியில் பூட்டிக் கிடக்கும் ஃபேக்டர் மருந்தைத் திறந்து தரக் கோரும் மனு

அனுப்புநர்
ஹீமோபிலியா உள்ள சிறுவனின் தாய்
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்,
தலைமை மருத்துவமனை வளாகம்.

பொருள்: ஹீமோபிலியா நோயாளிகளுக்கு இரவிலும் விடுமுறை நாட்களிலும் ஃபேக்டர் மருந்து ஏற்ற ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலும், தங்கள் அலுவலகத் தபால் பிரிவிலும் நான் ஏற்கெனவே கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். அவனுக்குப் பிறவியிலேயே ஹீமோபிலியா ஏ, கடுமையான வகை. இரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் 8 அவன் உடம்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. தாங்கள் இதே மருத்துவமனையில் பல வருஷம் பணிபுரிந்தவர் என்பதால் நோயைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மருத்துவமனையின் அமைப்பையும் விளக்க வேண்டியதில்லை. தங்கள் அலுவலக மாடிப்படியில் நின்று பார்த்தாலே மருந்துக் கிடங்கின் நீலக் கதவு தெரியும். இந்த மனு அந்தக் கதவைப் பற்றியதுதான்.

முன்பு கொடுத்த மனுக்களில் ஒன்றுக்கு மட்டும் கைபேசியில் குறுஞ்செய்தி வந்தது. மருந்து போதிய அளவு இருப்பில் உள்ளது, எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது என்று. ஐயா, மருந்து இருப்பில் இல்லை என்று நான் எழுதவே இல்லை. இருக்கிறது. இருந்தும் கிடைக்கவில்லை என்பதுதான் என் குறை. மற்ற மனுக்களுக்கு அந்தப் பதில்கூட இல்லை.

ஆகவே மறுபடியும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

1. அரசு இந்த மருந்தை எங்களுக்கு இலவசமாகத் தருகிறது. வெளியில் காசு கொடுத்து வாங்க எங்களைப் போன்றவர்களால் முடியாது. அதற்கு என்றும் நன்றியுள்ளவர்களாக இருக்கிறோம்.

2. பகலில் பெரிய குறை இல்லை. ஓ.பி. நேரத்தில் போனால் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுப்பார், கிடங்கிலிருந்து பாட்டில் வரும். பழகிய சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். பொடியில் தண்ணீரைச் சேர்த்த பிறகு பாட்டிலைக் குலுக்க மாட்டார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டிக் கரைப்பார். பையனின் கை நரம்பை ஒரே குத்தில் பிடித்துவிடுவார். அவனுக்கு 25 கிலோ எடை, மூட்டில் கசிந்தால் 500 யூனிட், ஒரே ஒரு பாட்டில். ஏற்றி முடிக்கச் சில நிமிஷம். வீட்டுக்குப் போய்விடலாம்.

3. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கிடங்கு பூட்டப்படுகிறது. ஃபேக்டர் இருக்கும் ஃபிரிட்ஜ் உள்ளே. சாவி மருந்தாளுநரிடம். அவர் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அவர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. காலையிலிருந்து நின்று வேலை பார்த்துவிட்டுப் போகிற மனுஷர், ராத்திரி ஒரு மணிக்குப் போன் அடித்தால் எடுக்காமல் போவது நியாயம்தான். அவரும் எத்தனை ராத்திரி எழுந்து வருவார்? இரவுப் பணிக்கு என்று ஒருவரிடம் மாற்றுச் சாவி கொடுக்காதது யார் குற்றம் என்றுதான் கேட்கிறேன்.

4. ஐயா, மூட்டுக்குள் இரத்தம் கசிய ஆரம்பித்ததும் அது முதலில் தெரிவது பையனுக்கு மட்டும்தான். "அம்மா, முட்டிக்குள்ள சூடா குறுகுறுங்குது" என்பான். வெளியே வீக்கம் இருக்காது, சிவந்திருக்காது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபேக்டர் ஏறிவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் அவன் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போவான். ஆனால் நாங்கள் போகும் நேரத்தில் பணியில் இருக்கும் டாக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வீக்கமே இல்லையேம்மா, காலையில ஓ.பி.க்கு வாங்க" என்கிறார். காலைக்குள் வீக்கம் வந்துவிடுகிறது. அவர் கேட்ட வீக்கம்.

அந்த ராத்திரி எப்படிப் போகும் என்று எந்த மனுவிலும் நான் இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். காலை மடக்கியபடியே ஒருக்களித்துக் கிடப்பான். நீட்டவும் முடியாது, முழுக்க மடக்கவும் முடியாது. போர்வை மேலே பட்டால் கத்துவான், அதனால் போர்த்தாமல் மின்விசிறியை நிறுத்திவிடுவோம். வலிக்குப் பாராசிட்டமாலைத் தவிர வேறு எதையும் கொடுக்கப் பயம். வழக்கமான வலி மாத்திரைகள் பலவும் இரத்தக் கசிவை அதிகமாக்கும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்திக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மருந்து இருக்கிற இடம் எனக்குத் தெரியும். நடந்து போகிற தூரம். அதைத் தெரிந்துகொண்டே விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும், ஐயா.

விடிந்த பிறகு ஒரு பாட்டிலோடு முடிவதில்லை. ஏற்றிய ஃபேக்டர் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பது தங்களுக்குத் தெரியும். மூட்டு முழுக்க இரத்தம் நிரம்பிவிட்டால் நாள்கணக்கில் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். ராத்திரி ஒரு பாட்டிலை மிச்சம் பிடித்துவிட்டு அந்த வாரம் முழுக்கப் பாட்டில் பாட்டிலாகச் செலவழிக்கிறோம். இது அரசுக்கும் நஷ்டம்தானே? அப்புறம், ஒருமுறை நன்றாகக் கசிந்த மூட்டின் உள்சவ்வு தடித்துப் போய், அதே மூட்டு சும்மா இருக்கும்போதே மறுபடி கசிகிறது. என் மகனுக்கு வலது முழங்கால் இப்போது அப்படி ஆகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டு வாசலில், டீக்கடைக்குப் பக்கத்தில், செல்போன் கவர் விற்கும் ஆளைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டார். அவர் என் அண்ணன். அவருக்கும் இதே நோய். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது இந்த ஊரில் ஃபேக்டர் என்பதே கிடையாது. பிளாஸ்மா ஏற்ற மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார் எங்கள் அப்பா. இரண்டு முழங்காலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. அன்றைக்கு மருந்து இல்லை, யாரைக் குறை சொல்வது? இன்றைக்கு மருந்து இருக்கிறது. என் பையன் கால் மடங்கினால் நான் யாரைக் குறை சொல்லட்டும்?

5. இந்த ஆயுத பூஜை விடுமுறையில் நடந்தது. பையன் திண்ணையிலிருந்து இறங்கும்போது கால் பிசகியது. மருத்துவமனைக்குப் போனோம். கிடங்குக் கதவில் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் இருந்தது. பூட்டுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் "மதுரைக்குக் கொண்டு போங்க" என்று சீட்டு எழுதினார்கள். எதற்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். சீட்டில் "ஃபேக்டர் தேவை, மேல் சிகிச்சைக்கு" என்று இருந்தது. இங்கேயே இருக்கிறதே, பூட்டியிருப்பதால் தர முடியவில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். எண்பது கிலோமீட்டர், வாடகைக் கார் நாலாயிரம் ரூபாய். மதுரையில் ஏற்றி முடித்தபோது முழங்கால் இரண்டு பங்காக வீங்கியிருந்தது.

அதற்கு முன்னால் இன்னொன்று. காத்திருக்கும்போது பயிற்சியில் இருந்த ஒருவர் வலிக்கு இடுப்பில் ஊசி போட வந்தார். தசையில் ஊசி கூடாது, உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளும் என்று தடுத்தேன். "நீங்க டாக்டரா?" என்று கேட்டார். இல்லை, தாய். ஊசி போடும் முன் என்ன மருந்து, எதற்கு என்று சொல்லி என் சம்மதம் வாங்க வேண்டியது அவர் கடமை. அதைச் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி.

6. நாங்கள் சலுகை கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, ஹீமோபிலியா அதில் ஒன்று. அந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அருகிலேயே சிகிச்சை என்கிறது, சிகிச்சையில் முன்னுரிமை என்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் தகவல் பெறும் உரிமை, சம்மதம் கொடுக்கும் உரிமை, காரணம் சொல்லி முறையாக வேறு மருத்துவமனைக்கு மாற்றப்படும் உரிமை எல்லாம் இருக்கின்றன. புகார் கொடுத்தால் 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் என்றும் இருக்கிறது. (என் முதல் மனுவின் ஒப்புகைச் சீட்டில் மை மங்கத் தொடங்கிவிட்டது.) அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராவிட்டால் அது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே மேற்கு வங்க வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்திருக்கிறது. மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதி சொல்கிறது. ஆயுத பூஜை அன்று எழுதிய ஓ.பி. பதிவின் நகலைக் கேட்டேன். இன்னும் வரவில்லை.

7. விலை உயர்ந்த மருந்து, கணக்குக் காட்ட வேண்டும், ஆடிட்டில் கேட்பார்கள் என்று காரணம் சொல்கிறார்களாம். சரி, கேட்கட்டும். ஒவ்வொரு பாட்டிலிலும் தொகுதி எண்ணோடு ஸ்டிக்கர் இருக்கிறது. ஏற்றியதும் அதை உரித்து ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நோயாளியின் கையெழுத்து வாங்கினால் கணக்கு முடிந்தது. நான் வீட்டில் அப்படித்தான் நோட்டு வைத்திருக்கிறேன், கொண்டுவந்து காட்டுகிறேன். குளிர்ச்சி வேண்டும் என்கிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவிலேயே ஃபிரிட்ஜ் இருக்கிறது, நாய்க்கடி ஊசியும் டி.டி. ஊசியும் அதில்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் 2 முதல் 8 டிகிரி, ஃபேக்டருக்கும் அதே 2 முதல் 8 டிகிரி. நாய் கடித்தால் ராத்திரியிலும் ஊசி உண்டு. என் பிள்ளைக்குக் கிடையாதா? நம் மாநிலத்திலேயே வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து வெற்றி கண்டிருக்கிறார்கள், உலகமே பேசுகிறது. இங்கே நாங்கள் ஒரு சாவிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

8. நாளைக்கே ஒரு பிள்ளை தலையில் அடிபட்டு வந்தால்? முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன் என்பது தங்களுக்குத் தெரியும். அதுவும் மூட்டுக்குப் போடுவதைவிட இரண்டு மடங்குக்கு மேல். மதுரை போய்ச் சேரும் வரை அந்தப் பிள்ளையின் தலைக்குள் என்ன ஆகும்? மலையடிவாரக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ராத்திரி ஒன்பதரைக்கு மேல் இந்த ஊர் வந்து சேரவே பஸ் கிடையாது. தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தால் இங்கே பூட்டு.

9. சாவி, ஐயா. சாவிதான்.

தயவுசெய்து கீழ்க்கண்டவற்றைச் செய்து தர வேண்டும். ஃபேக்டர் 8, ஹீமோபிலியா பி உள்ளவர்களுக்கான ஃபேக்டர் 9 இரண்டிலும் சில பாட்டில்களை ஊசி, கரைக்கும் நீர் எல்லாவற்றோடும் அவசர சிகிச்சைப் பிரிவின் ஃபிரிட்ஜில் எப்போதும் வைத்திருக்க உத்தரவிட வேண்டும். எடுத்த பாட்டிலை மறுநாள் காலையில் கிடங்கிலிருந்து ஈடு செய்யட்டும். இரவுப் பணியில் வரும் சிஸ்டர்களுக்கு, பழகிய அந்த சிஸ்டரை வைத்தே கரைத்து ஏற்றும் முறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வீக்கம் வரும்வரை காத்திருக்காமல், நோயாளி சொன்னவுடன் ஏற்ற வேண்டும் என்று பணி மருத்துவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்னைப் போன்ற பெற்றோருக்கு வீட்டிலேயே ஏற்றப் பயிற்சி கொடுத்து, அவசரத்துக்குக் கையில் இரண்டு பாட்டில் தந்தால் ராத்திரியில் யாரையும் தொந்தரவு செய்ய மாட்டோம். மற்ற ஊர்களில் தாய்மார்களே ஏற்றுகிறார்கள், நானும் கற்றுக்கொள்வேன். இதில் எதைச் செய்ய முடியாவிட்டாலும், முடியாது என்பதையும் அதன் காரணத்தையும் தங்கள் கையெழுத்தோடு எனக்கு எழுதித் தாருங்கள். குறுஞ்செய்தி வேண்டாம்.

எல்லாவற்றையும் உடனே செய்ய முடியாவிட்டால் முதலாவதை மட்டுமாவது இந்த வாரமே செய்யுங்கள். அதற்கு நிதி வேண்டாம், புதிதாக ஆள் வேண்டாம். ஒரு அட்டைப்பெட்டியைக் கிடங்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அவசர சிகிச்சைப் பிரிவின் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். தாங்கள் மாடியிலிருந்து இறங்கி வரும் நேரம்கூட ஆகாது.

தீபாவளி விடுமுறை வருகிறது. வெடிச் சத்தத்துக்குப் பிள்ளைகள் ஓடும், விழும். அதற்குள் உத்தரவு பிறப்பித்து, அதன் நகலை அவசர சிகிச்சைப் பிரிவின் சுவரில் ஒட்டச் செய்யுமாறு மீண்டும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, தகவலுக்காகவும் நடவடிக்கைக்காகவும்.