சிறிய கல்லூரியில் கணினி அறிவியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் கணினி அறிவியல் படிக்க விரும்பும் மாணவருக்குப் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களை மட்டுமே பரிந்துரைக்கும் வழக்கம் நம்மிடையே நிலைத்துவிட்டது. கலை, அறிவியல் பாடங்களைப் பரவலாகக் கற்பிக்கும் சிறிய ‘லிபரல் ஆர்ட்ஸ்’ கல்லூரி என்றதுமே, அது கலைப் பாடங்களுக்கான இடம் என்று பெற்றோர் ஒதுக்கிவிடுகின்றனர்.

கலிபோர்னியாவின் கிளேர்மான்ட் நகரில் 1955இல் நிறுவப்பட்ட ஹார்வி மட் கல்லூரி இந்த எண்ணத்துக்கு நல்ல மறுப்பு. அங்கு ஏறத்தாழ 900 மாணவர்களே படிக்கின்றனர்; அனைவரும் இளநிலை மாணவர்கள் என்பதால், பேராசிரியர்களின் கவனம் அவர்களுக்கே கிடைக்கிறது. எந்தத் துறையை எடுத்தாலும் இலக்கியம், வரலாறு போன்ற கலைப் பாடங்களையும் படித்தே ஆகவேண்டும்.

2000களின் நடுப்பகுதியில் அங்கு கணினி அறிவியலைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் பெண். மரியா கிளாவி 2006இல் கல்லூரித் தலைவரான காலகட்டத்தில், துறை ஆசிரியர்கள் அறிமுகப் பாடத்தை ஜாவா என்ற நிரல்மொழியிலிருந்து பைத்தான் என்ற நிரல்மொழிக்கு மாற்றி, முன்பே நிரல் எழுதிப் பழகியவர்களுக்கும் புதியவர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் அமைத்தனர். எல்லாம் தெரிந்த இரண்டு பேர் உரக்கப் பேசி மற்றவர்களை மிரளவைப்பது (இது எந்த ஊர் வகுப்பிலும் நடப்பதுதான்) இதனால் குறைந்தது. சில ஆண்டுகளிலேயே பெண்களின் பங்கு ஏறத்தாழ 40 விழுக்காட்டை எட்டியது.

சிறிய துறையில் விருப்பப் பாடங்கள் குறைவாகவே இருக்கும்; கட்டணமோ மிக அதிகம். ஆயினும், தங்கள் நாளிதழின் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களில் இத்தகைய கல்லூரிகளுக்கும் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்