துருக்கி ஏன் போருக்குப் போனது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதல் உலகப்போர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1914 ஜூன் 28-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரும் அவர் மனைவியும் சுடப்பட்டதிலிருந்து ஐரோப்பா முழுக்கத் தீப்பிடித்த கதையை விறுவிறுப்பாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் துருக்கி ஜெர்மனியோடு சேர்ந்ததை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். போருக்கான காரணங்கள் என்றதும் கூட்டணிகள், ஆயுதப் போட்டி, காலனி ஆசை என்று பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஒரு நாள் ஒரு மாணவி எழுந்து, "ஆஸ்திரியாவுக்கும் செர்பியாவுக்கும்தானே சார் சண்டை, துருக்கி எதுக்குப் போச்சு?" என்று கேட்டாள். அன்று எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்தேன்.

1912, 1913 பால்கன் போர்களில் துருக்கி தன் ஐரோப்பிய நிலத்தில் பெரும்பகுதியை இழந்தது. இஸ்தான்புல்லில் அகதிகள் வந்து குவிந்தார்கள். அடுத்து, கருங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகும் வழியான பாஸ்பரஸ், டார்டனெல்ஸ் நீரிணைகளை ரஷ்யா பிடித்துவிடும் என்ற பயம் வேறு. துணைக்கு யாராவது வேண்டும் என்று அலைந்தார்கள். கடற்படை அமைச்சர் ஜெமால் பாஷா 1914 ஜூலையில் பிரான்சுக்குப் போய்க் கேட்டுப் பார்த்து, வெறுங்கையோடு திரும்பினார். அதே மாதம் 22-ஆம் தேதி போர் அமைச்சர் என்வர் பாஷா ஜெர்மன் தூதரிடம் பேச்சை ஆரம்பித்தார். ஆகஸ்ட் 2-இல் ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைச்சர்களில் பெரும்பாலோருக்கே அது தெரியாது.

அந்த நாட்களில்தான் இங்கிலாந்தில் அந்தக் கப்பல் விவகாரம் நடந்தது. 'சுல்தான் ஒஸ்மான்', 'ரெஷாதியே' என்று இரண்டு போர்க்கப்பல்களைத் துருக்கி அங்கே கட்டச் சொல்லியிருந்தது. அதற்காக ஊர் ஊராக உண்டியல் வைத்து ஜனங்களிடம் காசு திரட்டியிருந்தார்கள். கப்பலை ஓட்டிக்கொண்டு போக நியூகாசிலுக்குத் துருக்கி மாலுமிகள் சுமார் 500 பேர் வந்து காத்திருந்தார்கள். கப்பல் கண்ணெதிரே நின்றது. அப்போது பிரிட்டிஷ் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலின் உத்தரவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதில் ஏறிக் கைப்பற்றினார்கள். தன் கைக்காசைக் கொடுத்த ஏழைக்கு எப்படி இருந்திருக்கும்? இதனால்தான் துருக்கி போருக்குப் போனது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜெர்மனியோடு பேச்சு அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. ஜனங்களின் மனதை ஜெர்மனி பக்கம் திருப்பியது இந்தக் கப்பல்கள்தான், அது உண்மை.

ஆகஸ்ட் 10-இல் இரண்டு ஜெர்மன் கப்பல்கள் டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழைந்தன. பெயரை மாற்றித் துருக்கிக் கொடி ஏற்றினார்கள். ஜெர்மன் மாலுமிகள் துருக்கித் தொப்பி போட்டுக்கொண்டார்கள். அக்டோபர் 29-இல் ஜெர்மன் தளபதி சூஷோன் தலைமையில் இந்தக் கப்பல்களும் சேர்ந்த துருக்கிக் கடற்படை ரஷ்யாவின் துறைமுகங்களான ஒடெஸாவையும் செவஸ்டோபோலையும் தாக்கியது. நிதி அமைச்சர் ஜாவித் உட்பட நான்கு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். ஆனாலும் போர் நிற்கவில்லை. சில மாதங்களிலேயே ரஷ்யாவோடு நடந்த சண்டையில் எல்லையோரச் சாரிகமிஷ் மலைப் பனியில் துருக்கியின் பிள்ளைகள் பல ஆயிரம் பேர் உறைந்து செத்தார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் எடுத்த முடிவுக்கு அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் விலை கொடுத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

நமக்கும் இதில் பங்கு உண்டு. நவம்பர் 5-இல் பிரிட்டன் துருக்கி மீது போர் அறிவித்தது. மறுநாளே இந்தியச் சிப்பாய்கள் ஈராக்கின் ஃபாவ் கரையில் இறக்கப்பட்டார்கள். 1916 ஏப்ரலில் அதே ஈராக்கின் கூட் நகரில் பட்டினி கிடந்து துருக்கியரிடம் சரணடைந்த சுமார் 13,000 பேரில் பெரும்பாலோர் நம் நாட்டவர். அடுத்த இதழில் இதற்கென்று இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மாணவி இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. உங்கள் பத்திரிகையை அவளும் வாங்குகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்