லண்டன் பொயிலருக்கு இணுவிலில் இருந்து வைத்தியம்

இணுவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான்,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காஸில் தண்ணீரைக் காய்ச்சி வீட்டைச் சூடாக்குகிற உன் பொயிலரின் முன்மூடியைக் கழற்றிப் படம் எடுத்ததோடு நிறுத்திக்கொண்டாயே, அதற்கே நல்லூரானுக்கு ஒரு தேங்காய் அடிக்க வேண்டும். சில பொயிலரில் அந்த மூடியும் புகையை வீட்டுக்குள் விடாமல் அடைத்து வைக்கிற ஒரு பகுதிதான். இனிமேல் அதிலும் கை வைக்காதே.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்து, கிணற்றடி வரை தடி இல்லாமல் போய் வருகிறார். கறுத்தக்கொழும்பான் மாமரம்தான் இந்த வருடம் ஏமாற்றிவிட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வந்த பெடியன் அரை மணித்தியாலத்தில் சேர்விஸ் முடித்துவிட்டான், நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்கு ஏற்றுகிற ஹீற் எக்ஸ்சேஞ்சரைத் திறக்கவே இல்லை, காசைச் சுருட்டிவிட்டானோ என்று கேட்டிருந்தாய். உடனே கள்ளன் என்று சொல்லமாட்டேன். புகைக்குழாயில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, கையில் புகையை அளக்கிற ஒரு அனலைசரைப் பிடித்துக்கொண்டு நின்றானா? புகையில் இருக்கிற விஷ வாயுவான கார்பன் மொனொக்சைட்டைக் கார்பன் டையொக்சைட்டால் வகுத்து ஒரு எண் வரும். அது 0.004 ஐத் தாண்டினால் அவன் பேசாமல் போயிருக்கக் கூடாது. தாண்டாவிட்டால், பொயிலரோடு வந்த புத்தகத்தைப் பார். சில மாடலை வருடா வருடம் திறக்கச் சொல்லியிருக்கும், சிலதை எண் பிழைத்தால் மட்டும். அனலைசரையே அவன் வெளியில் எடுக்கவில்லை என்றால், அது சேர்விஸ் இல்லை, தூசி தட்டல்.

உன்னுடையது கண்டென்சிங் பொயிலர். வீட்டைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் கிட்டத்தட்ட 55 பாகைக்குக் கீழே இருந்தால், புகையில் இருக்கிற நீராவி எக்ஸ்சேஞ்சரிலேயே வேர்த்து வடியும். காஸ் மிச்சம் பிடிப்பது அப்படித்தான். ஆனால் அந்த வேர்வை புளிப்பு. அலுமினிய எக்ஸ்சேஞ்சர் என்றால் அதை மெல்ல அரித்து, சாம்பல் நிறத்தில் குறுணல் அரிசி மாதிரிப் படியும். துருப்பிடிக்காத உருக்கென்றால் கறுத்த தேயிலைத்தூள் மாதிரி இருக்கும். இடுக்குகள் அடைபட்டால் காற்று போகாது, நெருப்பு ஒழுங்காக எரியாது, அந்த எண் ஏறும்.

துப்புரவு செய்வது பெரிய வித்தை இல்லை. காஸையும் கரண்டையும் நிறுத்தி, காஸ் எரிகிற பேர்ணரின் கதவைக் கழற்றி, உள்ளே இருக்கிற வெள்ளைப் பஞ்சு நனையாமல் மூடி, நைலோன் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்து, வாக்கியூமால் இழுத்து, பிறகு வெறும் தண்ணீரால் கழுவ வேண்டும். கம்பி பிரஷ் அலுமினியத்தைக் கீறிவிடும். வடிந்த ஊத்தை எல்லாம் கீழே உள்ள ட்ராப் என்கிற தண்ணீர்க் கிண்ணத்தில் போய் நிற்கும். அதையும் கழுவி, மறக்காமல் திரும்பத் தண்ணீர் நிரப்ப வேண்டும். அந்தத் தண்ணீர்தான் புகை அந்த வழியால் வராமல் மறிக்கிறது.

ஆபத்து, கதவின் இடுக்கை அடைக்கிற சீலில்தான் இருக்கிறது. நான் லண்டனில் வேலை பழகிய முதல் குளிரில், எங்கள் வான் வண்டிக்குள் புதுச் சீல் இல்லை என்று பழையதையே திருப்பிப் போடப் பார்த்தேன். எனக்குத் தொழில் பழக்கிய அண்ணை ஒன்றும் பேசவில்லை. சீலின் ஓரத்தை நகத்தால் அழுத்தினார், பழைய பிஸ்கட் மாதிரிப் பொரிந்து கொட்டியது. ஒரு சீலுக்காக அன்று லண்டனின் மற்ற மூலைவரை போய் வந்தேன். அந்த இடைவெளியால் வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதனால்தான் காஸ் சேஃப் என்கிற அங்கத்தைய காஸ் வேலைக்காரர் பதிவு உள்ளவன் மட்டும் தொடலாம் என்கிறேன். கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்று வீட்டில் இருக்கிறதுதானே?

அப்புறம், ஷவர் சுடுவதும் குளிர்வதுமாக விளையாடுகிறது என்றாயே, அது வேறு கதை. குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் பிளேற் எக்ஸ்சேஞ்சரில் சுண்ணாம்பு பிடித்திருக்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் தண்ணீரும் சுண்ணக்கல் வழியாக வருவதுதான். எங்கள் கிணற்றைக் கேட்கவே தேவையில்லை, கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும்.

போன மாதம் நல்லூர்ப் பக்கம் ஒரு விடுதியில் காஸ் ஹீற்றரில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று கூப்பிட்டார்கள். செப்புக் குழாய்க்குள் முட்டைக்கோது தடிப்பில் சுண்ணாம்பு. வாளியில் சிற்றிக் அமிலம் கரைத்து, சின்னப் பம்ப் ஒன்றால் சுற்ற விட்டேன். முதலில் சோடா மாதிரி நுரைத்தது. இரண்டு மணித்தியாலத்தில் நுரை நின்று, தண்ணீர் இலேசாய் நீலமானது. செப்பையும் தின்னத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே நிறுத்திக் கழுவினேன். மேலே செப்புத் தகடுகளில் இருந்த கரியைத் தட்டியதும் மஞ்சளாய் எரிந்த நெருப்பு நீலமாய் வந்தது. முதலாளிக்கு ஒரே புளுகம்.

ஆகவே அந்தப் பெடியனையே கூப்பிட்டு, அனலைசர் எண்ணை எழுதித் தரச் சொல். பிளேற்றைக் கழற்றிக் கழுவுவதா மாற்றுவதா என்றும் விலை கேள். அவன் மழுப்பினால் வேறு ஆளைப் பார்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது எனக்கு அந்த நைலோன் பிரஷ் இரண்டு கொண்டு வா. இங்கே போத்தல் கழுவும் பிரஷ்ஷை வளைத்து வைத்துத்தான் ஒப்பேற்றுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கடைசி வாங்குக்காரன்