பிடிக்கிறவர்களின் கணக்கு

ஒமாஹா, நெப்ராஸ்கா

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் காலை நடைக்குக் கிளம்பிவிட்டாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. உன் மகன் கல்லூரிக் கபடி அணியில் இடது மூலையில் நிற்பதையும், பாடிப் போகிறவனுக்கே கைத்தட்டல் எல்லாம் போய்விடுகிறது, பிடிக்கிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அவன் குறைப்பட்டுக்கொள்வதையும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிய என்டாமுகன் சூ.

பெயரைக் கேட்டால் ஆறுமுகனுக்கு உறவினர் போலத் தோன்றும். ஆனால் அவர் தந்தை கேமரூன் நாட்டுக்காரர். அந்த நாட்டின் இங்கெம்பா மொழியில் அந்தப் பெயருக்கு ‘ஈட்டிகளின் வீடு’ என்று பொருள். ஜமைக்காவிலிருந்து வந்த தாய் ஆசிரியை. மகன் பிறந்து வளர்ந்தது ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில்.

இங்கே கல்லூரி ஆட்டம் என்றால் நம் ஊர்க் கல்லூரிப் போட்டி போல என்று எண்ணிவிடாதே. லிங்கன் நகரத்து மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1962 முதல் விற்காத சீட்டு என்று ஒன்று இருந்ததில்லை. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில், மக்கள்தொகைக் கணக்குப்படி ஒமாஹாவுக்கும் லிங்கனுக்கும் அடுத்த மூன்றாவது நகரம் அந்த மைதானம்தான் என்பார்கள்.

சூ அங்கே 2005இல் வந்து சேர்ந்தார். முழங்கால் காயத்தால் முதல் பருவம் வீணானது. 2007இல் அவர் முதல் பதினொருவரில் இடம்பிடித்தபோது அணியின் தற்காப்போ ஊர் சிரிக்கும் நிலையில் இருந்தது. கன்சாஸ் ஒரே ஆட்டத்தில் 76 புள்ளிகள் குவித்துவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு போ பெலினி பயிற்சியாளராக வந்தார். அவர் கற்றுக்கொடுத்தது பொறுமை. சூ நிற்கும் இடத்தின் பெயர் டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது தற்காப்பு வரிசையின் நடு. அங்கே நிற்பவர்கள் பொதுவாகப் பந்து நகர்ந்த நொடியில் ஓர் இடைவெளியைக் குறிவைத்துப் பாய்வார்கள். பெலினியின் முறையில் அப்படிப் பாயக் கூடாது. எதிரே நிற்கும் 300 பவுண்டு ஆளை இரண்டு கையாலும் நெஞ்சில் தாங்கி, கையை முழுக்க நீட்டி அவரைத் தள்ளி நிறுத்தி, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, அதன் பிறகே அவரை உதறிவிட்டுப் போக வேண்டும். கபடியில் மூலைக்காரன் அவசரப்படாமல் பாடி வருபவனின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பான் அல்லவா, ஏறக்குறைய அந்தப் பொறுமைதான். அந்த 2008ஆம் ஆண்டிலேயே, நடுவில் நிற்கும் சூ அணியிலேயே அதிகமாக 76 முறை எதிரிகளை வீழ்த்தினார். இரண்டு முறை பந்தை இடைமறித்துத் தானே எதிரணியின் எல்லைக்கோடு வரை ஓடிப்போய் டச்டவுனும் எடுத்தார். அப்போதே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். போகாமல் இன்னோர் ஆண்டு இருந்து, கட்டுமான மேலாண்மையில் பட்டமும் வாங்கினார்.

நான் சொல்ல வந்தது 2009 டிசம்பர் 5ஆம் தேதி இரவைப் பற்றி. டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக பிக் 12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டம். அலுவலக நண்பர் வீட்டில் நெப்ராஸ்காவின் சிவப்புச் சட்டை போட்ட ரசிகர்கள் பத்துப் பேர் நடுவில் நான் மட்டும் விதிகள் பாதி புரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டத்தில் சூ தன் மேல் சாய்ந்த ஆளைச் சுமந்துகொண்டே முன்னேறி, டெக்சஸுக்காகப் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கோல்ட் மக்காயின் சட்டையை ஒற்றைக் கையால் பற்றி, ஈரத் துணியை உதறுவது போலச் சுழற்றித் தரையில் வீசினார். அதற்கு எனக்கு எந்த விதியும் தெரிய வேண்டியிருக்கவில்லை. அன்று ஒரே இரவில் அவர் கணக்கில் 12 டேக்கிள், அதாவது பந்து வைத்திருப்பவரை வீழ்த்தியது; நாலரை சாக், அதாவது பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியது. அரை என்பது இன்னொருவரோடு பங்கிட்டுக்கொண்டது. மறுபக்கம் நெப்ராஸ்காவின் தாக்குதல் அணி ஆட்டம் முழுக்க ஓடியும் எறிந்தும் சேர்த்தது வெறும் 106 கஜம். அப்படியிருந்தும் ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது 12-10 என்று முன்னிலையில் இருந்தார்கள்.

மக்காய் கடைசியாக எறிந்த பந்து எல்லைக்கு வெளியே போக, கடிகாரமும் பூஜ்யத்தைத் தொட்டது. நெப்ராஸ்காக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். நடுவர்கள் படப்பதிவைப் பார்த்துவிட்டு ஒரு நொடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒரு நொடியில் டெக்சஸின் ஹண்டர் லாரன்ஸ் 46 கஜத் தொலைவிலிருந்து பந்தை உதைத்து உள்ளே அனுப்பினார், 13-12. விதிப்படி அது சரியான முடிவுதான் என்று நான் இன்று சொன்னாலும் இந்த ஊரில் எனக்குச் சோறு கிடைக்காது.

ஒரு வாரம் கழித்து கல்லூரி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பைக்கான வாக்கெடுப்பில் சூவுக்கு நான்காம் இடம். அவருக்கு மேலே இருந்த மூவரில் இருவர் பந்தோடு ஓடுகிறவர்கள். மூன்றாமவர் அன்றிரவு அவர் சுழற்றி வீசிய அதே மக்காய்! 1935 முதல் கொடுக்கப்படும் அந்தக் கோப்பையை முதன்மையாகத் தற்காப்பில் ஆடிய ஒருவர் வாங்கியது, சூவின் காலம் வரைக்கும், 1997இல் மிச்சிகனின் சார்லஸ் உட்சன் மட்டும்தான். அவரும் இடையிடையே பந்தை வாங்கிக்கொண்டு ஓடியவர். ஆனாலும் அந்த ஆண்டு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் சிறந்த ஆட்டக்காரர் விருதைச் சூவுக்குத் தந்தது. அதற்கு முன் எந்தத் தற்காப்பு ஆட்டக்காரரும் அதை வாங்கியதில்லை.

பிறகு தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளும் 2010 தேர்வில் டெட்ராய்ட் அணி அவரை இரண்டாவதாக எடுத்தது. கையில் பணம் வந்ததுமே பல்கலைக்கழகத்துக்கு 26 லட்சம் டாலர் கொடுத்தார், அதில் ஒரு பகுதி பொறியியல் மாணவர்களின் உதவித்தொகைக்கு. அவருக்குக் கோபமும் உண்டு. 2011இல் கீழே கிடந்த எதிரணி ஆட்டக்காரரை மிதித்துவிட்டு இரண்டு ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். 2021 பிப்ரவரியில் டாம்பா பே அணியோடு தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வென்றார். 2025 ஜூலையில் ஓய்வை அறிவித்தார்.

அந்த 13-12 ஆட்டத்தின் காணொளி இணையத்தில் கிடைக்கிறது. உன் மகனோடு உட்கார்ந்து பார். பந்தை விட்டுவிட்டு, நடுவில் நிற்கும் 93ஆம் எண்ணின் கைகளை மட்டும் பார்க்கச் சொல். அடுத்த கடிதத்தில் அவன் எத்தனை பேரைப் பிடித்தான், அதில் எத்தனை கணுக்காலில் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராமநாதன்