மருமகனுக்கு: அந்தக் கிற்றாரை வாங்குவதற்கு முன்

அன்பின் மருமகனுக்கு,

ஒருவர் பாவித்துவிட்டு விற்கும் அந்த வேரியாக்ஸ் கிற்றாரை வாங்கலாமா என்று கேட்டு, வெள்ளி இரவு நீ அனுப்பிய எட்டுப் படங்களையும் பார்த்தேன். பின்னால் வந்த மூன்று குரல் பதிவுகளையும் கேட்டேன். "மாமா, ஒரு கிற்றாருக்குள்ள இருபத்தைஞ்சு கிற்றார் இருக்கு" என்று நீ சொன்ன விதத்திலேயே விளங்கிவிட்டது: மனதுக்குள் நீ அதை வாங்கி, தோளில் மாட்டி, மேடையிலும் ஏறிவிட்டாய். என்னிடம் கேட்பது ஒப்புக்கு. மறுநாள் காலை உன் அம்மா எடுத்து, "அண்ணா, அவன் சொல்லுறது ஒண்டும் எனக்கு விளங்கேல்லை, நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கோ" என்றாள். வட்ஸ்அப்பில் எழுதினால் நீ கடைசி வரியை மட்டும்தான் வாசிப்பாய். அதனால் இங்கே எழுதுகிறேன். இந்த வருடத்தில் என்னிடம் இதே கேள்வியைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீ. மற்ற இரண்டு பேரும் இதையே வாசித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். உன் காலடியில் கிடக்கும் எஃபெக்ட்ஸ் பெட்டியிலும் மொடலிங் என்றுதான் எழுதியிருக்கிறது. ஒன்று இன்னொன்று மாதிரி நடிப்பதுதான் மொடலிங். அந்தப் பெட்டி நடிப்பது அம்ப் மாதிரி, அதாவது கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி மாதிரி. 1998இல் லைன் 6 கொம்பனி சிவப்பு நிறத்தில் அவரைவிதை வடிவில் பொட் என்று ஒன்றை விட்டதே, அந்தப் பரம்பரை. நீ பார்த்திருக்கும் வேரியாக்ஸ் வேறு சாதி. அது நடிப்பது கிற்றார் மாதிரி. ஸ்ட்ராட், டெலி, லெஸ் போல் என்ற பேர்போன மின்கிற்றார்கள், பன்னிரண்டு கம்பி அகூஸ்டிக், பாஞ்சோ, சித்தார் கூட. இந்த எண்ணமும் அவர்களோடு தொடங்கியதல்ல. 1995இல் ரோலண்ட் விஜி-8 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிற்றாரின் காது. ஆறு கம்பிகளையும் தனித்தனியாகக் கேட்கும் பிக்கப்பைக் கிற்றாரில் பூட்டி, 13 பின் கேபிளால் நிலத்தில் கிடக்கும் பெட்டிக்கு இழுத்து, கணக்கை அங்கே போட்டார்கள். 2003 வாக்கில் வேரியாக்ஸ் வந்தபோது அந்தப் பெட்டி கிற்றாரின் பலகைக்குள்ளேயே ஏறிவிட்டது.

என்ன கணக்கு என்று கேட்பாய். உன்னிடம் இருக்கும் ஸ்ட்ராட் கொப்பியை எடு. கழுத்தில் குறுக்கே கிடக்கும் ஐந்தாவது ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே, வாசிக்கும் கம்பியில் விரலை அழுத்தாமல், தொட்டும் தொடாமலும் வைத்துத் தட்டு. சின்ன மணி அடித்தது மாதிரி ஒரு ஓசை வரும். இதை பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பில் ஒரு தடவையும் கழுத்துப் பக்கப் பிக்கப்பில் ஒரு தடவையும் செய்து பார். கழுத்துப் பக்கத்தில் அந்த மணி சோர்ந்துபோகும். அந்த ஓசை வரும்போது கம்பி நான்கு சம துண்டுகளாக ஆடுகிறது. துண்டும் துண்டும் சந்திக்கும் இடத்தில் கம்பி அசைவதில்லை. ஸ்ட்ராட்டின் கழுத்துப் பிக்கப் இருப்பது கிட்டத்தட்ட அப்படியொரு சந்திப்பின் அடியில், பிரிட்ஜிலிருந்து கால் பங்கு தூரத்தில். அசையாத இடத்தில் காதை வைத்தால் என்ன கேட்கும்?

ஆக, ஒரு பிக்கப்பின் குரல் என்பது அது எதைக் கேட்கிறது என்பதில் பாதி, எதைக் கேட்காமல் விடுகிறது என்பதில் பாதி. கம்பியின் முழு ஒலியும் கையில் இருந்தால், பிக்கப் இன்ன இடத்தில் இருந்திருந்தால் எது விடுபட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம். அந்த முழு ஒலியைத்தான் பிரிட்ஜில் கம்பி உட்காரும் ஒவ்வொரு சேடிலுக்கும் உள்ளே இருக்கும் பியேசோ எடுத்துக்கொடுக்கிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள் அது. ஸ்ட்ராட்டுக்கு ஒரு கழித்தல், லெஸ் போலுக்கு இன்னொரு கழித்தல். அகூஸ்டிக் என்றால் மரப்பெட்டியின் அதிர்வைக் கூட்டவும் வேண்டும். மந்திரமில்லை, பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான். ஆனால் ஒவ்வொரு கம்பிக்கும், கம்பியைத் தட்டிய பிக்கை நீ எடுப்பதற்குள் முடிக்கிறார்கள் பார், அங்கேதான் மரியாதை.

சரி, இதெல்லாம் உனக்கு எதற்கு?

உன் கிழமையை நான் அறிவேன். ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் பாடற்குழுவோடு அகூஸ்டிக். சனி இரவு ஏதாவது ஒரு கல்யாண மண்டபம். முதல் அரை மணித்தியாலம் மெல்லிய பாட்டு, சாப்பாடு வந்ததும் எண்பதுகளின் சினிமாப் பாட்டு, பத்து மணிக்கு மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சேர்ட் கையை மடித்துக்கொண்டு வந்தால் பைலா. இதற்காக நீ இரண்டு கிற்றாரும் ஸ்டாண்டுமாக முச்சக்கரவண்டிக்குள் மடங்கிப்போவதை நானே கண்டிருக்கிறேன். ஒரு குமிழைத் திருப்பினால் அகூஸ்டிக், இன்னொரு திருப்பில் டெலி என்றால், அந்த வண்டிச் சவாரி ஒன்றுக்காகவே வாங்கலாம் போலிருக்கும்.

அதைவிடப் பெரிய லாபம் மற்றக் குமிழில் இருக்கிறது. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பாடகர் மேடைக்கு ஏறி மைக்கைக் கையில் எடுத்த பிறகுதான், "தம்பி, இண்டைக்குத் தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்குங்கோ" என்பார். அது எல்லா மேடைக்கும் எழுதி வைத்த விதி. கீபோர்ட்காரர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுச் சிரிப்பார். நீ வெறும் கம்பியில் வாசிக்க வேண்டிய இடங்களையெல்லாம் மாற்றி யோசித்து வியர்த்துக்கொண்டிருப்பாய். இந்தக் கிற்றாரின் சுருதிக் குமிழ் கம்பியைத் தொடாமலே அரைக் கட்டை இறக்கும். ட்ரொப் டி, ஓபன் ஜி என்ற மாற்றுச் சுருதிகள் எல்லாம் அதே மாதிரி. இருபத்தைந்து கிற்றாரில் நீ பாவிக்கப்போவது நாலு. சுருதிக் குமிழை ஒவ்வொரு சனியும் பாவிப்பாய்.

இன்னொன்று இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் எங்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை வாங்கி, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். மண்டபத்தில் விளக்கு டிமரைப் பாதிக்கு இறக்கினால் வண்டு குளவியாகும். பியேசோவுக்கு அந்தச் சுருள் இல்லை, அதனால் அந்த வண்டும் இல்லை.

இனி மற்றப் பக்கம். வீட்டில் சின்னச் சத்தத்தில் வாசிக்கும்போது சுருதியை இறக்கிப் பார். அம்ப்பிலிருந்து இறங்கிய சுருதி வரும். மடியில் இருக்கும் உண்மையான கம்பி பழைய சுருதியில் 'டிங்' என்று கூடவே ஒலிக்கும். இரண்டும் அரைக் கட்டை இடைவெளியில் மோதும். பல்கூச்சம் என்று கேள்விப்பட்டிருக்கிறாய் அல்லவா, அது காதுக்கு வந்தால் இப்படித்தான். மேடையில் சத்தம் கூடியதும் மறைந்துவிடும். ஆனால் வெள்ளவத்தையில் மேலும் கீழும் ஆட்கள் இருக்கும் மாடிவீட்டில் இரவு பத்து மணிக்குப் பயிற்சி செய்ய முடியாது. ஹெட்ஃபோன் போட்டால் சரி. உள்ளங்கையைப் பிரிட்ஜில் வைத்து அமுக்கி வாசிக்கும் பழக்கம் உனக்கு அதிகம். பியேசோ அந்தக் கையையும் 'டொக் டொக்' என்று கேட்கும். கையைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தப் பழகவேண்டும். பழகலாம்.

எனக்கு உண்மையான பயம் வேறு. ஒரு காலத்தில் என்னிடமும் இந்த வகையில் ஒரு கிற்றார் இருந்தது. நீ அப்போது பாலர் வகுப்பு, ஞாபகம் இருக்காது. காந்தப் பிக்கப், அதாவது சாதாரண மின்கிற்றாரில் இருக்கும் பிக்கப், ஒன்றுகூட இல்லாத கிற்றார். முகப்பு வழுவழுவென்று வெறுமையாக இருக்கும். கேபிளைச் சொருகினால் பற்றரி ஓடத் தொடங்கும், கழற்றினால் நிற்கும். ஒத்திகை முடிந்த இரவு, கேபிளைக் கழற்றாமல் அப்படியே சாய்த்துவிட்டுப் படுத்துவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. அடுத்த நாள் ஒரு கல்யாண வரவேற்பு. பொம்பிளை மாப்பிள்ளை படியேறி வருகிறார்கள், நான் முதல் கோர்டை அடிக்கிறேன், பலகையில் பிக் உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. காலி வீதியில் ஓடி ஆறு பென் டோர்ச் பற்றரி வாங்கி வருவதற்குள் கீபோர்ட்காரர் தனியாக இரண்டு பாட்டை முடித்திருந்தார். அவர் இன்றைக்கும் என்னைக் கண்டால், "பற்றரி இருக்கா?" என்றுதான் சுகம் விசாரிப்பார்.

வேரியாக்ஸின் முதல் தலைமுறையிலும், அதாவது 300, 500, 600, 700 என்ற எண்களோடு வந்தவற்றில், காந்தப் பிக்கப் கிடையாது. மின்சாரம் இல்லையென்றால் அது ஒரு அழகான பலகை. 2010இல் ஜேம்ஸ் டைலர் என்ற கிற்றார் செய்பவரின் பெயரோடு வந்தவற்றிலிருந்துதான் சாதாரணப் பிக்கப்பும் சேர்ந்து வந்தது. பற்றரி செத்தாலும் அது ஒரு கிற்றாராக வாசிக்கும். 2014 தொடக்கத்தில் லைன் 6 யமஹாவின் கைக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த வேரியாக்ஸ் ஸ்டாண்டர்டும் இதே வகை. நீ அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மூன்று பிக்கப் தெரிகின்றன. முகப்பு வெறுமையாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

பற்றரி நான்கு மணித்தியாலத்தில் செத்தாலும் மாற்று வாங்கிவிடலாம் என்கிறாய். பென் டோர்ச் பற்றரி மாதிரி மூலைக் கடையில் கிடைப்பதல்ல இது, அந்தக் கிற்றாருக்கென்றே செய்த லித்தியம் பொதி. புதிதாக இருந்தபோது 12 மணித்தியாலம் வரை நிற்கும் என்று சொல்லி விற்றார்கள். அப்புறம், உன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கு அங்கால் கடல். உன் கேற் பூட்டுக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். அதே உப்புக்காற்றுத்தான் சேடிலுக்குள் இருந்து வெளியே வரும் தலைமயிர் அளவுக் கம்பிகளிலும் படும். ஒன்று அறுந்தால் ஐந்து கம்பிக் கிற்றார். சாதாரணக் கிற்றார் பிழைத்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஈயம் உருக்கத் தெரிந்த யாராவது அரை மணித்தியாலத்தில் உயிர் கொடுத்துவிடுவார். இதற்குள் இருப்பது ஒரு சின்னக் கொம்பியூட்டர் பலகை. அதற்கு மாற்று வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டி ஓடியபோது, இருந்த பெடலுக்கு ஒரு அடப்டர் எடுப்பிக்க நான் பட்ட பாடு போதும். இப்போது நிலைமை பரவாயில்லை. இருந்தாலும் எடுப்பிக்கும் பொருளில் 18 வீத வற் வரியும் ஏறும், அதற்கு மேலும் ஏறும்.

அதனால் என் கணக்கு இது. விற்பவர் இரண்டே முக்கால் லட்சம் ரூபாய் கேட்கிறார். அந்தக் கிற்றாரை மூளை செத்த கிற்றாராக நினைத்துக்கொள். வெறும் மூன்று பிக்கப் கிற்றாராக அதற்கு நீ எவ்வளவு கொடுப்பாய்? கழுத்து கைக்குப் பிடித்து, ஃப்ரெட் தேயாமல் இருந்தால் ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் ஒன்றேகால், ஐந்தாறு வருடமாவது உழைக்கும் என்று நம்பி நீ மூளைக்குக் கொடுக்கும் வாடகை. மாதம் இரண்டு மேடைக்கு அது கட்டுமா என்று நீயே கணக்குப் போடு. எனக்கென்றால் இரண்டே கால் வரை கட்டும். இரண்டரை என்றால் கையைக் கட்டிக்கொண்டு எழும்பி வந்துவிடுவேன். புதிதாக எடுப்பிப்பதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம்.

கழுத்துப் பிடிக்காவிட்டால் ஒன்றரை லட்சம்கூட அதிகம். அப்படியென்றால் இருக்கும் ஸ்ட்ராட் கொப்பிக்கு நல்ல பிக்கப் ஒரு செட் போட்டு, அகூஸ்டிக்குக்கு ஒரு பிக்கப் பூட்டி, முச்சக்கரவண்டியில் மடங்கியே போ. இடுப்பு வலிக்கும் வயது உனக்கு இன்னும் வரவில்லை.

அந்தரப்படாதே. அட்வான்ஸ் ஒன்றும் போடவேண்டாம். "இன்னொரு ஆளும் கேட்கிறார்" என்று அவர் சொல்வார், சொல்லட்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் வா, இரண்டு பேரும் போய்ப் பார்ப்போம். முதலில் கேபிள் இல்லாமல் பத்து நிமிடம் வாசி, நான் பக்கத்தில் பேசாமல் இருக்கிறேன். பிறகு ஒவ்வொரு மொடலிலும் ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்போம், ஏதாவது ஒரு கம்பி மெலிந்திருந்தால் அந்த சேடில் போகப்போகிறது என்று அர்த்தம். எல்லாக் கம்பியும் ஒழுங்காக சுருதி சேர்ந்த பிறகுதான் சுருதிக் குமிழைத் தொடவேண்டும். இல்லாவிட்டால் கம்பியின் பிழையைக் குமிழின் தலையில் போட்டுவிடுவோம். வரும்போது ஒரு செட் புதுக் கம்பி வாங்கிக்கொண்டு வா. படத்தில் இருப்பவை துருப்பிடித்துச் சிவந்திருக்கின்றன.

இன்னொன்று: நாங்கள் வருகிறோம் என்பதற்காகப் பற்றரியைச் சார்ஜ் பண்ணி வைக்கவேண்டாம் என்று அவருக்கு இன்றைக்கே சொல்லிவிடு. செத்த பற்றரியோடு அது எப்படி வாசிக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். சார்ஜரை மட்டும் எடுத்து வைக்கட்டும்.

அன்புடன்,
மாமா